குடியிருப்பும் குடியுரிமையும்

பிழைப்பு நாடிப் பிறந்த மண்ணை விட்டகன்று பிற மண்ணிற் குடியேறுதல் தமிழர்க்குப் புதிதன்று. மட்டாஞ்சேரியில் வாழும் நம்மவர்க்கு இதனை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. நம் முன்னோர் இங்கு வந்த காலத்தில், கோட்டைக் கொச்சி சென்னை மாகாணத்து மலபார் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது; அடுத்திருந்த மட்டாஞ்சேரியோ கொச்சி மகாராஜாவின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. ஒரு தெருவினின்று மற்றொரு தெருவுக்குச் செல்வதே ஓர் அரசினின்று மற்றோர் அரசுக்குச் செல்வதாகும். ஆயினும் 1950 ஜனவரி 26 ஆம் நாள் முழுமையாக நடைமுறைக்கு வந்த நமது அரசியலமைப்பு, மாநிலத்துக்கொரு குடியுரிமை வகுக்கவில்லை; பாரதம் முழுமைக்கும் ஒரே குடியுரிமையை வகுத்தது. ஆதலின் தஞ்சையிற் பிறந்தவரும் திருநெல்வேலியிற் பிறந்தவரும் கொச்சியில் அயல்நாட்டினர் ஆகாது வாழ முடிந்தது.

அதே காலத்தில், பாக்கு நீரிணைக்கு அப்பால் வாழ்ந்த நம்மவர்க்கு இந்த நற்பேறு கிட்டவில்லை. அவர்கள் எத்தனை ஆண்டு அந்நாட்டில் வாழ்ந்தனர் என்று சட்டம் கேட்டது. அதனை மெய்ப்பிக்குமாறும் கேட்டது. அவ்வரலாற்றை நம் குடும்பத்தினர் அனைவரும், குறிப்பாக இளைஞர்கள், அறிந்திருத்தல் நலம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இலங்கை மலைநாட்டிற் காப்பித் தோட்டங்கள் தோன்றின. 1869 இல் காப்பிச் செடியைத் தாக்கத் தொடங்கிய இலைநோய் அத்தொழிலை அழித்தது. தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. காடு வெட்டவும், பாதை போடவும், கொழுந்து கிள்ளவும் தமிழ்நாட்டுச் சிற்றூர்களினின்று கங்காணிமார் ஆள் திரட்டிச் சென்றனர். 1946 ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி இலங்கையிலிருந்த இந்தியத் தமிழர் ஏறத்தாழ 7 இலட்சத்து 80 ஆயிரம் பேர். கொழும்பு நகரில் கொச்சி, திருவிதாங்கூர்ப் பகுதிகளிலிருந்து சென்ற மலையாளத் தொழிலாளரும் பலர் இருந்தனர். எனவே இது தமிழர் கதை மட்டுமன்று. நம் அண்டை வீட்டார் கதையுமாகும்.

1948 பிப்ரவரி 4 ஆம் நாள் இலங்கை விடுதலை பெற்றது. அவ்வாண்டிலேயே அந்நாட்டுப் பாராளுமன்றம் 18 ஆம் எண் குடியுரிமைச் சட்டத்தை இயற்றியது. ஒருவர் இலங்கையிற் பிறந்தவர் என்பது மட்டும் போதாதாயிற்று. தந்தை அங்குப் பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் முப்பாட்டனும் அங்குப் பிறந்திருத்தல் வேண்டும். தோட்டத்து லயத்திற் பிறந்து வளர்ந்த தொழிலாளி, பாட்டனுக்கும் முப்பாட்டனுக்கும் பிறப்புச் சான்றிதழ் தேடி எங்குச் செல்வான்?

இவ்வாறு விலக்கப்பட்டோர்க்கென 1949 இல் மற்றொரு சட்டம் வந்தது. அதுவே இந்திய, பாகிஸ்தானிய வாசிகள் குடியுரிமைச் சட்டம். மணமானவராயின் 7 ஆண்டுகளும், மணமாகாதவராயின் 10 ஆண்டுகளும் இலங்கையில் இடையறாது வாசம் செய்திருத்தல் வேண்டும் என்பது அதன் முதன்மையான விதி. இந்த ஆண்டுகள் விண்ணப்பம் செய்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணப்பட்டவை அல்ல. 1946 ஜனவரி 1 ஆம் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணப்பட்டவை. அஃதாவது மணமானவர் 1939 இன் தொடக்கத்திலிருந்தும், மணமாகாதவர் 1936 இன் தொடக்கத்திலிருந்தும் அங்கிருந்தமைக்குச் சான்று காட்ட வேண்டும். 1946 முதல் விண்ணப்ப நாள் வரையிலும் அந்த வாசம் தொடர்ந்திருத்தல் வேண்டும்.

இடையறாது என்னும் சொல்லுக்குச் சட்டம் தந்த விளக்கம் கருதத்தக்கது. இடையிடையே வெளியே சென்றிருந்தால் குற்றமில்லை. ஆனால் ஒரு முறை சென்றது 12 மாதங்களுக்கு மேற்பட்டால் தொடர்ச்சி அறுந்துவிடும். அந்த ஆண்டுகள் எத்தகையன என்பதை நினைவுகூர்வோமாக. 1939 இல் இந்திய அரசு இலங்கைக்குத் தோட்டக் கூலிகள் செல்வதைத் தடை செய்தது. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. அஞ்சிய பலர் தாயகம் திரும்பினர். தாய் தந்தையர் நோயுற்றபோதும், தங்கைக்கு மணம் செய்விக்கவும் ஊருக்குச் சென்றவர்கள், போர்க்காலத் தடைகளால் உரிய காலத்தில் மீள இயலாமற் போயிருந்தால், அவர்கள் முன்பு உழைத்த ஆண்டுகள் கணக்கில் ஏறா.

வாசக்காலம் ஒன்றே நிபந்தனையுமன்று. விண்ணப்பதாரர்க்குத் தக்க வருவாயோ தொழிலோ இருத்தல் வேண்டும். மணமான ஆடவனாயின், அவன் மனைவியும் வயது வாராத மக்களும் இலங்கையிலேயே வசித்திருத்தல் வேண்டும். பிள்ளையைப் பாட்டியிடம் ஊரில் விட்டுத் தோட்டத்தில் உழைத்த தந்தையின் நிலை என்னாகும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. இவை அனைத்தையும் மெய்ப்பிக்கும் பொறுப்பு எழுத்தறியாத தொழிலாளியின் தலையில் விழுந்தது. சான்றாகக் கொள்ளத்தக்க பேரேடுகளோ தோட்டத்துரையின் அலுவலகத்தில் இருந்தன.

விண்ணப்பிப்பதற்குத் தரப்பட்ட தவணை 1949 ஆகஸ்டு 5 முதல் இரண்டு ஆண்டுகள். இச்சட்டத்தை எதிர்த்த இலங்கை இந்தியக் காங்கிரஸ் முதலில் ஒத்துழைக்க மறுத்தது. பின்னர்த் தவணை முடிவதற்குள் விண்ணப்பிக்குமாறு மக்களுக்கு அறிவுறுத்தியது. ஏறத்தாழ 8 இலட்சத்து 25 ஆயிரம் பேர் சார்பில் விண்ணப்பங்கள் சென்றன. ஆண்டுகள் பல நடந்த விசாரணையின் முடிவில் குடியுரிமை பெற்றோர் சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே. அறுவரில் ஒருவர்க்குக் கிட்டியது, ஐவர்க்குக் கிட்டவில்லை.

இதனால் நேர்ந்த கேடு பெரிது. 1947 தேர்தலில் நுவரெலியாவிலிருந்து சௌமியமூர்த்தி தொண்டமானைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியவர்கள் தோட்டத் தொழிலாளர். 1949 இல் தேர்தற் சட்டமும் திருத்தப்பட்டு, குடிமக்களே வாக்காளர் என்றாயிற்று. 1952 தேர்தலில் அவருள் மிகப் பெரும்பாலோர் வாக்குரிமை இழந்து நின்றனர். கொழும்பில் சத்தியாக்கிரகம் நடந்தது. வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1953 இல் அம்மன்றம், குடியுரிமையின் இலக்கணத்தை வகுப்பது அந்நாட்டுச் சட்டமன்றத்தின் உரிமையே எனத் தீர்ப்பளித்தது.

பின்னர் இரு நாட்டு அரசுகளும் மக்களைப் பங்கிட முற்பட்டன. 1964 அக்டோபர் 30 ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தனர். 9 இலட்சத்து 75 ஆயிரம் பேருள் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்பதென்றும், 3 இலட்சம் பேரை இலங்கை ஏற்பதென்றும் முடிவாயிற்று. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974 இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. ஆனால் 3 இலட்சத்தைக் காட்டிலும் மிகப் பலர் இலங்கைக் குடியுரிமையையே வேண்டினர் என்பது எண்ணத்தக்கது.

தலைமன்னாரிற் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கிய குடும்பங்களுட் பல நீலகிரித் தேயிலைத் தோட்டங்களிற் குடியமர்த்தப்பட்டன. நம் கேரளத்திலும், அவர்களுக்கென்றே 1976 இல் புனலூரைத் தலைமையிடமாகக் கொண்டு மறுவாழ்வுத் தோட்ட நிறுவனம் ஒன்று தொடங்கப்பட்டது. அயிரநல்லூர், குளத்தூப்புழைப் பகுதி இரப்பர்த் தோட்டங்களில் அன்று வந்தவர்களின் மக்களும் பேரர்களும் இன்றும் வாழ்கின்றனர்.

இலங்கையில் எஞ்சியிருந்த நாடற்றோர்க்கு 1986 இலும் 1988 இலும் சட்டங்கள் வழி செய்தன. இறுதியாக 2003 இல் வந்த சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் அங்கு நிலையாக வாழ்ந்துவரும் இந்திய வம்சாவளியினரும் அவர்தம் வழித்தோன்றல்களும் குடியுரிமைக்கு உரியவர் என்றது. வாசக்காலம் அப்போதும் கேட்கப்பட்டது. ஆனால் பேரேடு தேடி அலைய விடாது, எளிய முறையிற் பதிவு நடந்தது. மனமிருந்தால் விதியை மக்களுக்கு ஏற்றவாறு அமைக்கலாம் என்பதை இது காட்டுகிறது.

நாடுதோறும் இவ்விதி வேறுபடும். நம் மட்டாஞ்சேரி யூதர் தெருவினர் இஸ்ரேலுக்குச் சென்றபோது, அவர்களை ஒருவரும் ஆண்டுக் கணக்குக் கேட்கவில்லை. 1950 இல் அந்நாடு இயற்றிய திரும்புதற் சட்டம் யூதர்க்கு வாசக்கால நிபந்தனை விதிக்கவில்லை. 1568 இற் கட்டிய தொழுகைக்கூடத்தைக் கொண்டிருந்தவர்கள் அங்குப் போய் இறங்கியவுடன் குடிமக்களாயினர். நூறாண்டு மலையிலே உழைத்த பரம்பரையினரோ இறங்கிய இடத்திலும் ஏறிய இடத்திலும் அயலாராயினர். நம் நாட்டிலும் அயல்நாட்டினர் இயல்புரிமை பெற, விண்ணப்பத்துக்கு முந்திய 12 மாதங்கள் தொடர்ந்தும், அதற்கு முந்திய 14 ஆண்டுகளில் 11 ஆண்டுகளும் இங்கு வசித்திருத்தல் வேண்டும் என்பது பொது விதி.

நமக்கு இதனால் யாது பயன் எனச் சிலர் வினவலாம். குடியுரிமைக் கவலை நமக்கில்லை என்பது மெய்யே. எனினும் வாசச் சான்று கேட்கும் அலுவலகங்கள் இங்கும் உள. பட்டியல் சாதியினர் பற்றிய குடியரசுத் தலைவரின் ஆணை 1950 ஆகஸ்டு 10 ஆம் நாள் வெளிவந்தது. ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்துக்குப் பின்னாளிற் குடியேறியவர், முன்னைய மாநிலத்துச் சலுகையைப் புதிய மாநிலத்திற் கோர முடியாது என 1990 இல் உச்ச நீதிமன்றமும் கூறியது. எனவே பாட்டனார் எந்த ஆண்டில் எந்த ஊரில் வாழ்ந்தார் என்பது பேரனின் கல்லூரி இடத்தையே முடிவு செய்யக்கூடும்.

ஆதலின் பெரியோர்களே, தாய்மார்களே! பழைய பள்ளிச் சான்றிதழ், வீட்டுவரி இரசீது, ரேஷன் அட்டை, வாடகைச் சீட்டு, பிறப்பு இறப்புப் பதிவு ஆகியவற்றைக் குப்பையென ஒதுக்காதீர்கள். பெட்டியில் ஒரு மூலையில் அவற்றுக்கு இடம் கொடுங்கள். முதியோர் நினைவிலுள்ள ஆண்டுகளை இளைஞர்கள் இப்போதே எழுதி வைக்கட்டும். கடல் கடந்த நம் உடன்பிறப்புகளுட் பலர், வாழ்ந்திருந்தும் வாழ்ந்தமைக்குச் சீட்டு இன்மையால் நாடிழந்தனர். அவர்கள் பட்ட துயரத்தினின்று நம் காலனிக் குடும்பங்கள் கற்றுக்கொள்ளத்தக்க பாடம் இதுவே.