சென்னைப் பெந்தெகொஸ்தே சபைகள்

சென்னைப் பெந்தெகொஸ்தே சபைகள் என்பன சென்னை மாநகரில் இயங்கும் பெந்தெகொஸ்தே மரபைச் சேர்ந்த சீர்திருத்தக் கிறித்தவ வழிபாட்டுக் குழுக்கள் ஆகும். இவற்றுட் சில ஆயிரக்கணக்கானோர் கூடும் பெரிய சபைகள். பெரும்பாலானவை வாடகைக் கூடங்களிலும், வீடுகளின் மாடிகளிலும், தகரக் கொட்டகைகளிலும் கூடும் சிறு சபைகள். மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு, சைதாப்பேட்டை முதலிய பகுதிகளின் உட்தெருக்களில் இத்தகைய சபைகளின் பெயர்ப்பலகைகளைக் காணலாம். மக்கள் குடியிருக்கும் தெருவிலேயே அமைவது இச்சபைகளின் வளர்ச்சிக்குக் காரணமாக விளங்குகிறது. அண்டை வீட்டாருடன் எழும் சிக்கல்களுக்கும் அதுவே காரணம் ஆகிறது.

பெயர்க் காரணம்

பெந்தெகொஸ்தே என்னும் கிரேக்கச் சொல்லுக்கு "ஐம்பதாவது" என்பது பொருள். இது யூதர்களின் பஸ்கா பண்டிகைக்குப் பின் ஐம்பதாம் நாளில் வரும் அறுவடைத் திருநாளைக் குறித்தது. இயேசுவின் சீடர்கள் மீது தூய ஆவி இறங்கியதும், அவர்கள் பல்வேறு மொழிகளில் பேசியதும் இந்நாளில் நிகழ்ந்தன எனப் புதிய ஏற்பாட்டின் அப்போஸ்தலர் நடபடிகள் நூலின் 2 ஆம் அதிகாரம் கூறுகிறது. அந்த அனுபவம் இன்றும் ஒவ்வொரு விசுவாசிக்கும் கிடைக்கக்கூடியது என்பதே பெந்தெகொஸ்தே மரபின் அடிப்படை நம்பிக்கையாகும்.

வரலாறு

முன்னோடி நிகழ்வுகள்

உலக அளவில் இவ்வியக்கத்தின் தொடக்கமாக, அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் அசூசா தெருவில் 1906 ஆம் ஆண்டு வில்லியம் சீமோர் என்னும் கறுப்பினப் போதகர் நடத்திய கூட்டங்கள் குறிப்பிடப்படுகின்றன. எனினும் இதையொத்த நிகழ்வுகள் இந்தியாவில் அதற்கு முன்பே பதிவாகியுள்ளன. 1860 ஆம் ஆண்டில் திருநெல்வேலிப் பகுதியில் ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் என்னும் தமிழ்ப் போதகரின் வழிகாட்டலில் ஏற்பட்ட எழுப்புதலில், மக்கள் அந்நிய பாஷைகளில் பேசியதாகவும் தீர்க்கதரிசனம் உரைத்ததாகவும் குறிப்புகள் உள்ளன. 1905 ஆம் ஆண்டில் புனேக்கு அருகே கேட்காவ்ன் என்னும் ஊரில் பண்டித ரமாபாய் நடத்திய முக்தி இல்லத்திலும் இதைப் போன்ற எழுப்புதல் தோன்றியது. இதனால் இந்தியப் பெந்தெகொஸ்தே மரபை வெளிநாட்டிலிருந்து வந்த ஒன்றாக மட்டும் கருத இயலாது என ஆய்வாளர் பலர் கூறுவர்.

அமைப்புகளின் வருகை

அமெரிக்கரான இராபர்ட் குக் 1913 ஆம் ஆண்டு இந்தியாவுக்கு வந்து, பின்னர் கேரளத்தில் பணியாற்றினார். 1936 ஆம் ஆண்டில் அவரும் அவருடன் இருந்த சபைகளும் அமெரிக்காவின் சர்ச் ஆஃப் காட் அமைப்புடன் இணைந்தனர். இதிலிருந்து தோன்றியதே "சர்ச் ஆஃப் காட் (ஃபுல் காஸ்பல்) இன் இந்தியா" ஆகும்.

கேரளத்தில் பிறந்து கொழும்பில் வாழ்ந்த பாஸ்டர் பால் (இயற்பெயர் இராமன்குட்டி), அல்வின் டி அல்விஸ் ஆகியோர் 1924 ஆம் ஆண்டில் சிலோன் பெந்தெகொஸ்தே மிஷனைத் தொடங்கினர். இது வெளிநாட்டு மிஷன்களின் உதவியின்றி உள்ளூர் மக்களால் உருவாக்கப்பட்ட சபையாகும். இதன் முழுநேர ஊழியர்கள் திருமணம் செய்துகொள்ளாமல், வெள்ளுடை அணிந்து, "விசுவாச வீடு" எனப்படும் இல்லங்களில் கூட்டாக வாழ்கின்றனர். நகை அணியாமை, நோய்க்கு மருந்தை நாடாமல் ஜெபத்தையே நம்புதல் ஆகியன இதன் போதனைகள். பின்னாளில் இது "தி பெந்தெகொஸ்தே மிஷன்" எனப் பெயர் மாற்றப்பட்டது. இதன் தலைமையகம் தாம்பரத்தை அடுத்த இரும்புலியூரில் உள்ளது.

1914 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் உருவான அசெம்பிளிஸ் ஆஃப் காட் அமைப்பும் தென்னிந்தியாவில் பரவியது. சென்னையில் இதன் சபைகளுள் பெயர் பெற்றது, சைதாப்பேட்டை சின்னமலையில் உள்ள நியூ லைஃப் அசெம்பிளி ஆஃப் காட் சபை ஆகும். இது 1973 ஆம் ஆண்டில் போதகர் டி. மோகன் அவர்களால் ஏழு பேருடன் தொடங்கப்பட்டது. பின்னர் நாட்டின் மிகப் பெரிய சபைகளுள் ஒன்றாக வளர்ந்தது. சிறு சபைகளின் போதகர் பலர் இதனைத் தமக்கு முன்மாதிரியாகக் காட்டுவதுண்டு.

சென்னையின் கிறித்தவச் சூழல்

புனித தோமா வந்து பணியாற்றிய இடம் என மரபு கூறும் சாந்தோம், சின்னமலை, பரங்கிமலை ஆகிய மூன்றும் தென்சென்னையிலும் அதனை அடுத்தும் உள்ளன. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் முதலிய பிரிவுகளை ஒன்றிணைத்த தென்னிந்தியத் திருச்சபை, 1947 செப்டம்பர் 27 அன்று சென்னைப் புனித ஜார்ஜ் பேராலயத்தில் தொடங்கி வைக்கப்பட்டது. இவ்வாறு நிலமும் கட்டடமும் பள்ளிகளும் கல்லறைத் தோட்டங்களும் கொண்ட பழைய திருச்சபைகளின் நடுவில், இவை எதுவும் இல்லாமல் பெந்தெகொஸ்தே சிறு சபைகள் வளர்ந்தன.

இரு தரப்புக்கும் இடையே உள்ள எல்லை இறுக்கமானது அன்று. காலையில் தென்னிந்தியத் திருச்சபை ஆலயத்துக்கும், மாலையில் பெந்தெகொஸ்தே கூட்டத்துக்கும் செல்லும் குடும்பங்கள் உண்டு. "இயேசு அழைக்கிறார்" ஊழியத்தை நிறுவிய டி. ஜி. எஸ். தினகரன் (1935–2008) தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவராக இருந்தும், அவரது கூட்டங்களில் பெந்தெகொஸ்தே மரபின் கூறுகள் மிகுந்திருந்தமை குறிப்பிடத்தக்கது.

சிறு சபையின் அமைப்பு

ஒரு சிறு சபை பொதுவாக வீட்டு ஜெபக்கூட்டமாகத் தொடங்குகிறது. சில குடும்பங்கள் சேர்ந்ததும் மாடியிலோ வாடகைக் கூடத்திலோ ஞாயிறு ஆராதனை நடைபெறும். போதகர், அவருடைய துணைவியார், இசைக்கருவி வாசிக்கும் இளைஞர் சிலர், ஞாயிறு பள்ளி நடத்தும் பெண்கள் ஆகியோரே பெரும்பாலும் சபையின் முழு ஊழியர் குழுவாக அமைவர். செலவுகள் காணிக்கையாலும், வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் கொடுக்கும் தசமபாகத்தாலும் ஈடுசெய்யப்படுகின்றன. போதகர் பகுதிநேரமாக வேறு தொழில் செய்வதும் உண்டு.

சில சபைகள் பெரிய அமைப்புகளுடன் இணைந்துள்ளன. மற்றவை தனித்து இயங்குகின்றன. தனிச் சபைகள் அறக்கட்டளையாகவோ, 1975 ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ்ச் சங்கமாகவோ பதிவு செய்துகொள்கின்றன. ஒரே போதகரைச் சுற்றி அமைந்த தனிச் சபைகளில், அவருக்குப் பின் பொறுப்பேற்பவர் யார் என்பது பெரும் வினாவாக எழுகிறது. பொறுப்பு மகனுக்குச் செல்வதும், சபை இரண்டாகப் பிரிவதும் நிகழ்கின்றன.

வழிபாடு

ஞாயிறு ஆராதனையில் பாடல், துதி, சாட்சி, பிரசங்கம், நோயாளிகளுக்கான ஜெபம் ஆகியன இடம்பெறும். அச்சிட்ட வழிபாட்டு முறைமை கிடையாது. சாட்சி வேளையில் சபையார் எவரும் எழுந்து தம் வாழ்வில் நிகழ்ந்ததைக் கூறலாம். வீட்டு வேலை செய்யும் பெண், ஆட்டோ ஓட்டுநர், அலுவலக மேலாளர் ஆகிய மூவரும் ஒரே கூடத்தில் ஒரே உரிமையுடன் பேசும் இடமாக இது அமைகிறது. குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. வயது வந்தோர்க்கு முழுக்கு ஞானஸ்நானமே கொடுக்கப்படுகிறது. வார நாட்களில் உபவாச ஜெபமும், மாதம் ஒருமுறை முழு இரவு ஜெபமும் பல சபைகளில் நடைபெறுகின்றன. புத்தாண்டு ஆராதனையில் அவ்வாண்டுக்கான வாக்குத்தத்த வசனம் அறிவிக்கப்படும்.

தமிழ்ப் பெந்தெகொஸ்தே வழிபாட்டில் பாடலுக்குத் தனி இடம் உண்டு. சென்னையில் ஊழியம் செய்து 2014 ஆம் ஆண்டில் மறைந்த சகோதரி சாராள் நவரோஜி இயற்றிப் பாடிய பாடல்கள், சபைப் பிரிவுகளைக் கடந்து பாடப்படுகின்றன. பெண்கள் பாடல் இயற்றவும் பிரசங்கிக்கவும் இம்மரபு வாய்ப்பளித்தமைக்கு அவர் ஓர் எடுத்துக்காட்டு. எனினும் பல சபைகளில் தலைமைப் பொறுப்பு ஆண்களிடமே உள்ளது.

பணிகள்

நற்செய்தி அறிவித்தலே தம் முதற்பணி என இச்சபைகள் கருதுகின்றன. கைப்பிரதி வழங்குதல், வீடு சந்திப்பு, மருத்துவமனைகளில் நோயாளிகளுக்காக ஜெபித்தல், கோடை விடுமுறை வேதாகமப் பள்ளி ஆகியன வழக்கமான பணிகள். குடிப்பழக்கத்தை விட்டவர்களின் சாட்சிகளுக்கு மிகுந்த மதிப்பு அளிக்கப்படுகிறது. வேறு ஊர்களிலிருந்து பிழைப்புக்காகச் சென்னைக்கு வந்தவர்களுக்குச் சிறு சபை உறவினர் கூட்டம் போல் அமைகிறது. வாடகை வீடு தேடுதல், வேலைக்குச் சொல்லிவைத்தல், பிள்ளைகளின் கல்விக் கட்டணம், இறுதிச் சடங்கு ஆகியவற்றில் சபையார் உதவுகின்றனர்.

ஒலி குறித்த வழக்கு

சிறு சபைகள் குடியிருப்புகளின் நடுவே இயங்குவதால் எழும் சிக்கலை உச்ச நீதிமன்றம் வரை கொண்டு சென்றது, சென்னை மாதவரம் நெடுஞ்சாலையில் கே.கே.ஆர். நகரில் இருந்த சர்ச் ஆஃப் காட் (ஃபுல் காஸ்பல்) சபையின் வழக்கு ஆகும். டிரம்ஸ், கிதார் முதலிய கருவிகளாலும் ஒலிபெருக்கியாலும் தம் அன்றாட வாழ்வு பாதிக்கப்படுவதாக, கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி நலச்சங்கம் 1996 ஆம் ஆண்டில் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் முறையிட்டது. பின்னர் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகியது. சாலையில் செல்லும் வாகனங்களும் இரைச்சலுக்குக் காரணம் என்பது வாரியத்தின் அளவீட்டில் தெரியவந்தது. 1999 ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம், ஒலியை அனுமதிக்கப்பட்ட அளவுக்குக் குறைக்க நடவடிக்கை எடுக்குமாறு காவல்துறைக்கு ஆணையிட்டது.

சபை இதனை எதிர்த்து மேல்முறையீடு செய்தது. அரசியலமைப்பின் 25, 26 ஆம் உறுப்புகள் தரும் சமய உரிமையை இவ்வாணை பாதிக்கிறது எனவும், சிறுபான்மையினரின் வழிபாட்டைத் தடுப்பதே முறையீட்டின் உள்நோக்கம் எனவும் சபை வாதிட்டது. 2000 ஆகஸ்ட் 30 அன்று நீதிபதிகள் எம். பி. ஷா, எஸ். என். புகன் ஆகியோர் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தனர். பிறர் அமைதியைக் குலைத்து வழிபடுமாறு எந்தச் சமயமும் கூறவில்லை எனவும், முதியோர், நோயாளிகள், மாணவர், குழந்தைகள் ஆகியோரின் உரிமைகளும் மதிக்கப்பட வேண்டும் எனவும் தீர்ப்பு கூறியது. சபை வழிபடக்கூடாது என நீதிமன்றம் கூறவில்லை. ஒலியின் அளவே வரையறுக்கப்பட்டது.

2000 ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபலும், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபலும் வரம்பாகும். இத்தீர்ப்பு பின்னாளில் பிற சமயத்தாரின் ஒலிபெருக்கி குறித்த வழக்குகளிலும் மேற்கோள் காட்டப்பட்டது.

சட்டமும் சபைகளும்

1872 ஆம் ஆண்டின் இந்தியக் கிறித்தவத் திருமணச் சட்டத்தின்படி, ஆயர் முறையில் திருநிலைப்படுத்தப்பட்டவர் போன்ற சிலர் தவிர, ஏனைய போதகர்கள் திருமணம் நடத்துவதற்கு அரசின் உரிமம் பெற வேண்டும். உரிமம் இல்லாத சிறு சபைப் போதகர் உரிமம் உள்ள மற்றொருவரை அழைத்தே திருமணத்தை நடத்த இயலும்.

1950 ஆம் ஆண்டின் அட்டவணைச் சாதிகள் ஆணை, அட்டவணைச் சாதித் தகுதியை இந்து, சீக்கிய, பௌத்த சமயத்தாருக்கு மட்டுமே வழங்குகிறது. கிறித்தவத்திற்கு மாறிய ஆதிதிராவிடர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இடம்பெறுகின்றனர். எனவே ஞானஸ்நானம் பெறுவது, ஏழைக் குடும்பங்களுக்குப் பிள்ளைகளின் கல்வி, வேலை ஆகியவற்றைப் பாதிக்கும் முடிவாகவும் அமைகிறது. 2002 ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் கொண்டுவரப்பட்ட கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம், 2004 ஆம் ஆண்டில் விலக்கிக்கொள்ளப்பட்டது.

அண்மைக் காலம்

2020 ஆம் ஆண்டில் கொரோனாப் பெருந்தொற்றால் வழிபாட்டு இடங்கள் பல மாதங்கள் மூடப்பட்டபோது, பல சபைகள் இணையவழி ஆராதனைக்கு மாறின. காணிக்கை குறைந்த நிலையிலும் கூட வாடகை கட்ட வேண்டியிருந்தது சிறு சபைகளுக்குப் பெரும் சுமையாயிற்று. நகரின் பெரிய சபைகளின் ஆராதனையைக் கைபேசியில் காணும் வசதி வந்துவிட்ட பின்னும், பெயர் சொல்லி நலம் விசாரிக்கும் போதகரும், நடந்து செல்லும் தூரத்தில் அமைந்த கூடமும் சிறு சபைகளின் வலிமையாகத் தொடர்கின்றன.