துளை போடும் மெஷினும் கோலார் தந்த பாடமும்



ஜொகூர் பாருவில் கட்டட வேலைக்குப் போகும் நம் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இன்று 'ஹேமர் டிரில்' பிடிக்கிறார்கள். சுழன்றுகொண்டே இடித்துக் கான்கிரீட்டைத் துளைக்கும் மெஷின் அது. அதற்கு முன்னோடி, பாறையைத் துளைத்த சுரங்க டிரில். அதன் வரலாற்றில் நம் இனத்தாரின் கண்ணீரும் உண்டு.

மைசூர் சமஸ்தானத்துக் கோலார் தங்க வயலில் 1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனியார் சுரங்கம் நடத்தினர். வட ஆர்க்காட்டுத் தமிழர் பலர் அங்கே பிழைக்கப் போனார்கள். காற்றழுத்த டிரில் வந்ததும் வேலை வேகமாயிற்று, தூசியும் பெருகிற்று. நுண்ணிய கல்தூள் நுரையீரலில் தங்கித் தழும்பாயிற்று. அதுவே சிலிக்கோசிஸ். வந்தால் போகாது. 1940களில் தொழிலாளரைப் பரிசோதித்தபோது மிகப் பலருக்கு அந்நோய் இருந்தது. 2001இல் சுரங்கமே மூடப்பட்டது.

அமெரிக்காவில் லெய்னர் என்பவர், நடுவில் துளையுள்ள கம்பி வழியே தண்ணீர் பாய்ச்சும் டிரிலைச் செய்து தூசியை அடக்க வழி காட்டினார்.

ஆனால் நம்ம கரண்டு மெஷின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள், ஷாக் அடிக்கும்! தூசி உறிஞ்சும் கருவியை மாட்டுங்கள். முகத்தோடு ஒட்டிய தூசி மாஸ்க், கண்ணாடி, காதடைப்பான் போடுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பிட்டை மாட்டி, இழுத்துப் பாருங்கள். சுவருக்குள் ஒயர் உண்டா என்று விசாரியுங்கள். பக்கக் கைப்பிடியோடு இரு கையாலும் பிடியுங்கள்; மெஷினே இடிக்கும், நாம் அழுத்த வேண்டாம்.

கூலி நாளைக்கும் கிடைக்கும். போன நெஞ்சு திரும்புமா, சொல்லுங்கள்?