டிரோகெடா நகரின் தேவாலயங்கள்

அயர்லாந்தின் கிழக்குக் கரையில், பாயின் ஆறு கடலை அடைவதற்குச் சற்று முன்னே அமைந்த பழைய துறைமுக நகரம் டிரோகெடா. ஐரிஷ் மொழியில் அப்பெயர் ஆற்றுத்துறைப் பாலம் என்று பொருள்படும். பாலம் இருந்தும் இரு கரைகளும் நெடுங்காலம் ஒன்றாகவில்லை. தென்கரை மீத் மாவட்டத்தையும் வடகரை லௌத் மாவட்டத்தையும் சார்ந்த இருவேறு நகரங்களாய் இயங்கின. வரியும் வணிகமும் பற்றிய பூசல்கள் உயிர்ப்பலி வரை சென்றன. 1412ஆம் ஆண்டில் பிலிப் பென்னட் என்னும் தொமினிக்கன் துறவி, இரு கரை மக்களையும் வடகரையிலிருந்த புனித பேதுரு ஆலயத்துக்கு அழைத்து ஒற்றுமையை வலியுறுத்திச் சொற்பொழிவாற்றினார். அவ்வாண்டிலேயே நான்காம் ஹென்றி மன்னரின் பட்டயத்தால் நகரங்கள் இணைந்தன. சொற்பொழிவு ஒன்று அரசுப் பட்டயமாகக் கனிவது அரிது. சொற்பொழிவு மேடையில் நின்று இதனை எடுத்துரைப்பதில் நமக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.

அத்துறவியின் சபையார் 1224ஆம் ஆண்டு முதல் நகரின் வடபகுதியில் மடம் அமைத்து வாழ்ந்தவர்கள். அதனை நிறுவியவர் அர்மா பேராயர் லூக்காஸ் டி நெட்டர்வில். 1395இல் இரண்டாம் ரிச்சர்டு மன்னர் அல்ஸ்டர் பகுதித் தலைவர்களின் பணிவை ஏற்றுக்கொண்டதும் இம்மடத்திலேயே. எட்டாம் ஹென்றியின் காலத்தில் மடங்கள் கலைக்கப்பட்டன. இன்று எஞ்சியிருப்பது மகதலேனா கோபுரம் எனப்படும் மணிக்கோபுரம் மட்டுமே.

சமயச் சீர்திருத்தத்தின் பின் பழைய ஆலயங்கள் அரசுத் திருச்சபையின் உடைமையாயின. கத்தோலிக்கரிடம் ஆலயத்தின் பெயர் இருந்தது, கட்டடம் இல்லை. 1649ஆம் ஆண்டு நிகழ்ச்சியை இப்பின்னணியில் வைத்தே படிக்க வேண்டும். அவ்வாண்டு செப்டம்பரில் ஆலிவர் குரோம்வெல் நகரை முற்றுகையிட்டார். அவருடைய பீரங்கிகள் தென்மதிலையும், மதிலையொட்டி நின்ற புனித மரியாள் ஆலயத்தின் கோபுரத்தையும் தகர்த்தன. 11ஆம் நாள் படை உள்ளே புகுந்தது. ஏறத்தாழ நூறு பேர் புனித பேதுரு ஆலயத்தின் கோபுரத்தில் ஏறி ஒளிந்து, சரணடைய மறுத்தனர். ஆலயத்தின் மர இருக்கைகளையே கோபுரத்தின் அடியில் குவித்துத் தீ மூட்டினர் படைவீரர்.

இதனை மறைக்க வேண்டும் என்று குரோம்வெல் எண்ணவில்லை. கோபுரத்தை எரிக்கத் தாமே ஆணையிட்டதாக இங்கிலாந்து நாடாளுமன்றத்துக்கு எழுதினார். முந்திய ஞாயிற்றுக்கிழமை சீர்திருத்தச் சபையார் அவ்வாலயத்திலிருந்து வெளியேற்றப்பட்டு, அங்கே கத்தோலிக்கத் திருப்பலி நிகழ்ந்தது என்றும், அதே இடத்தில் ஆயிரம் பேரளவில் வாளுக்கு இரையாயினர் என்றும் அக்கடிதத்தில் குறித்தார். ஓர் ஆலயம் யாருடையது என்ற வழக்கு அங்கே கொலைக்குக் காரணமாகவே எழுதப்பட்டுவிட்டது. பொதுமக்களுள் எத்தனை பேர் மாண்டனர் என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்றும் உடன்படவில்லை. மாணவர்கள் இக்கடிதத்தைப் படிக்கும்போது, வென்றவரே எழுதிய சான்று அது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

நகரை அழித்தவர் பெயர் ஆலிவர். நகர் போற்றிப் பாதுகாப்பவர் பெயரும் ஆலிவரே. அர்மா பேராயரான ஆலிவர் பிளங்கெட், பொய்ச்சாட்சியத்தின் பேரில் தேசத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டு, 1681 ஜூலை 1 அன்று இலண்டனில் கொல்லப்பட்டார். நண்பர்கள் காத்துவைத்த அவருடைய தலை உரோமாபுரி சென்று, பின்னர் அயர்லாந்து திரும்பியது. கத்தோலிக்க வழிபாட்டைச் சட்டங்கள் ஒடுக்கிய அக்காலத்தில், 1722இல் டிரோகெடாவில் தொமினிக்கன் கன்னியர் மடம் ஒன்று தொடங்கப்பட்டது. அதன் முதல் தலைவி கேத்தரின் பிளங்கெட். அம்மடத்துக் கன்னியரே அத்தலையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தனர். 1921இல் அது மேற்குத் தெருவிலுள்ள கத்தோலிக்கப் புனித பேதுரு ஆலயத்துக்கு மாற்றப்பட்டது; 1975இல் பிளங்கெட் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

ஆகவே இந்நகரில் புனித பேதுரு ஆலயங்கள் இரண்டு. ஒன்று, எரிந்த ஆலயம் நின்ற மேட்டில் 18ஆம் நூற்றாண்டில் எழுந்த அயர்லாந்துத் திருச்சபையின் ஆலயம். அது பழைய இடத்துக்கு வாரிசு. மற்றொன்று, 1880களில் கோத்திக் பாணியில் உருவான மேற்குத் தெரு ஆலயம். அது பழைய வழிபாட்டுக்கு வாரிசு. பேதுருவின் பெயரை இரண்டும் விட்டுக்கொடுக்கவில்லை. மேட்டிலுள்ள ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்துச் சுவரில், எட்மண்ட் கோல்டிங், அவர் மனைவி எலிசபெத் பிளெமிங் ஆகியோரின் கல்லறைப் பலகை பதிக்கப்பட்டுள்ளது. சவத்துணி விலகிய நிலையில் இருவர் உடலும் அழுகுவதாகச் செதுக்கிய அக்கல், சீர்திருத்தத்துக்கு முந்திய காலத்தது. எந்தச் சபைக்குரியது என்ற வினா எழுவதற்கு முன்பே செதுக்கப்பட்டது.