கைநாட்டு சம்மதம் ஆகுமா?

கடல் கடந்த தோட்டங்களுக்குக் கூலியாட்களை அதிகமாக அனுப்பிய மாவட்டங்களில் தமிழகத்தின் பழைய தென்னார்க்காடும் ஒன்று. மெட்ராஸிலிருந்து போன ‘ட்ரூரோ’ கப்பல், 1860 நவம்பரில் ஒப்பந்தக் கூலிகளின் முதல் கூட்டத்தைத் தென்னாப்பிரிக்காவில் நேட்டாலின் டர்பன் துறையில் இறக்கியது. ‘அக்ரிமெண்ட்’ என்ற சொல் அவர்கள் வாயில் ‘கிர்மிட்’ ஆயிற்று. ஐந்தாண்டு உழைப்புக்கான அந்தத் தாளில் கைநாட்டு வைத்தவரைத் தாமாக விரும்பி வந்தவர் என்றது அன்றைய சட்டம். அது விருப்பம் அல்ல, பிடி என்பதை முதலில் கண்டுகொண்டவர்கள் அதில் அகப்பட்ட தொழிலாளர்களே. ஒருவருக்கொருவர் சொல்லித் தெரிந்துகொண்ட அந்த அறிவுக்குப் பின்னால்தான் சட்டம் வந்து சேர்ந்தது.

1894-இல் டர்பனில் வழக்கறிஞர் காந்தியின் அலுவலகத்துக்கு வந்த பாலசுந்தரம் என்ற தமிழ்க் கூலியைப் பாருங்கள். முதலாளி அடித்ததில் முன்பற்கள் இரண்டு உடைந்து, வாயில் ரத்தம் வழிய, தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் பேச்சைக் காந்திக்கு எடுத்துச் சொன்னவர் அங்கே வேலை பார்த்த தமிழ் எழுத்தர். அன்று எஜமானைவிட்டு விலகுவதே குற்றம், ஓடினால் சிறை. வேறு முதலாளிக்கு ஒப்பந்தத்தை மாற்றிக்கொடுப்பதற்கு மேல் காந்தியாலும் எதுவும் செய்ய முடியவில்லை. ஆனால் அந்தச் செய்தி தோட்டம் தோட்டமாகப் பரவியது. போய்ச் சொல்ல ஓர் இடம் இருக்கிறது என்று தெரிந்ததும், கூலிகள் தங்கள் குறைகளோடு அந்த வாசலுக்கு வரத் தொடங்கினார்கள்.

ஒப்பந்தம் முடிந்த பிறகும் பிடி தளரவில்லை. 1895-இல் வந்த சட்டம், காலக்கெடு முடிந்தும் ஊர் திரும்பாதவர்கள்மேல் ஆண்டுக்கு 3 பவுண்டு தலைவரி விதித்தது. முதலாண்டுக் கூலி மாதம் 10 ஷில்லிங். 3 பவுண்டு என்பது 60 ஷில்லிங், அதாவது ஆறு மாத உழைப்பு. வரி கட்ட முடியாதவர் மறுபடியும் கைநாட்டு வைக்க வேண்டியதுதான். 1913 அக்டோபரில் டிரான்ஸ்வாலிலிருந்து புறப்பட்ட பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், சிலர் கைக்குழந்தையோடு, நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடம் போய் இந்தக் கணக்கைத்தான் பேசினார்கள். சுரங்கங்கள் நின்றன. பெண்களுக்கு மூன்று மாதச் சிறை கிடைத்தது. 1914-இல் வரி ஒழிந்தது.

பஞ்சமும் சாதிக் கொடுமையும் துரத்தியதால் அவர்களாகவே போனார்கள், சிலர் நிலம் வாங்கித் தழைக்கவும் செய்தார்கள் என்பார்கள். உண்மைதான். ஆனால் புறப்பட ஒப்புக்கொள்வது வேறு, திரும்பும் வழி அடைபடுவது வேறு. முறையிடக் கூலிக் காப்பாளர் என்றே ஓர் அதிகாரி இருந்தாரே என்றும் கேட்கலாம். அனுமதிச் சீட்டு இல்லாமல் தோட்டத்தைவிட்டு வெளியே கால் வைத்தாலே கைது என்ற ஊரில், அவரிடம் போய்ச் சேருவதே குற்றமாகிவிடும். போராட்டம் காந்தியால் நடந்தது, கூலிகளால் அல்ல என்றொரு வாதமும் உண்டு. அவர் சிறையில் இருந்தபோதுதான் வேலைநிறுத்தம் கடற்கரைக் கரும்புத் தோட்டங்களுக்குப் பரவியது. அந்த வாதத்துக்கு அதுவே போதிய பதில்.

இவற்றைவிடக் கடினமான கேள்வி வேறு: ஆளைச் சிக்கவைத்தவனும் சக தொழிலாளிதானே? மலாயாவுக்கும் இலங்கைக்கும் ஆள் கட்டிய கங்காணி பெரும்பாலும் சொந்த ஊர்க்காரர், சில வேளை சொந்தக்காரர். முன்பணத்தை நம்பி வாங்க வைத்ததே அந்த உறவுதான். அதனால் ‘நம்மாள்’ என்பது மட்டும் காப்பு ஆகாது. கடன் கணக்கு யார் கையில் இருக்கிறது, அதைத் திறந்து காட்டுவாரா என்பதே உரைகல். நியூகாசிலுக்கு வந்த பெண்கள் தொழிலாளிக்கு அவன் கணக்கைத் திறந்து காட்டினார்கள். கங்காணி மூடி வைத்தார்.

இந்தியாவில் 1976-இன் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம், முன்பணத்தால் ஆளைக் கட்டிய அந்தக் கடனையே செல்லாததாக்கியது. 2013-இல் திருத்தப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தின் 370-ஆம் பிரிவு, ஆள்கடத்தல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் சம்மதம் ஒரு பொருட்டல்ல என்றது. கைநாட்டைச் சம்மதமாக எண்ணிய தவறு எழுத்தில் திருத்தப்பட ஒரு நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது. இன்றும் முன்பணம் வாங்கிக் கரும்பு வெட்டவோ செங்கல் சூளைக்கோ குடும்பத்தோடு போகிறவர் கையில் அந்தச் சட்டப் புத்தகம் இருக்காது. பாக்கி எவ்வளவு, நினைத்தால் நாளைக்கே கிளம்ப முடியுமா என்று கேட்கப் பக்கத்துக் குடிசையில் ஓர் ஆள் இருக்கலாம். நேட்டாலில் விடுதலை அந்தக் கேள்வியில்தான் தொடங்கியது.