இருபத்தோர் இலக்க எண்ணின் வரலாறு

சதுரங்கப் பலகையின் முதற் கட்டத்தில் ஒரு நெல்மணி, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் நான்கு என்று இரட்டித்துக்கொண்டே செல்லும் கதையை நீங்கள் அறிவீர்கள். பலகையின் 64 கட்டங்களோடு மேலும் மூன்று கட்டங்களைச் சேர்த்து, எல்லா மணிகளையும் கூட்டினால் 147573952589676412927 என்ற எண் கிடைக்கும். அறுபத்தேழு இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, அதில் ஒன்றைக் கழித்தாலும் இதே எண்தான் வரும். இதன் வரலாற்றையே இன்று நான் சொல்ல எடுத்துக்கொண்டேன்.

ஒன்றாலும் தன்னாலும் அன்றி வேறெந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாத எண்ணைப் பகா எண் என்கிறோம். ஒன்று மட்டும் இக்கணக்கில் சேராது. பிரான்சு நாட்டுத் துறவியான மெர்சென், 1644-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில், இவ்வாறு இரட்டித்துப் பெறும் எண்களுள் பகா எண்கள் இவை என்று ஒரு பட்டியல் தந்தார். நம் எண்ணும் அதில் இடம் பெற்றது. நிரூபணம் எதனையும் அவர் தரவில்லை. எனினும், இத்துணைப் பெரிய எண்ணை வகுத்து வகுத்துச் சோதிப்பது எளிய செயலன்று.

1876-ஆம் ஆண்டில் அதே நாட்டவரான லூக்கா என்பவர், காரணிகளைத் தேடாமலே இத்தகைய எண் பகா எண்தானா என்று அறியும் முறையொன்றைக் கண்டார். அம்முறைப்படி நம் எண் பகு எண் என்பது தெளிவாயிற்று. மெர்சென் கூற்றுப் பிழைபட்டது. ஆனால் அதன் காரணிகள் யாவை? அதற்கு லூக்காவின் முறை விடை தரவில்லை.

அவ்விடையைக் கண்டவர் அமெரிக்கப் பேராசிரியர் கோல். இந்த எண்ணின் எந்தக் காரணியையும் 134-ஆல் வகுத்தால் மீதி 1 வரவேண்டும் என்பது விதி. அவ்விதி பெரும்பாலான எண்களைத் தள்ளிவிடுகிறது. ஆயினும் விடையாக அமைந்த சிறிய காரணி, அவ்வாறு மீதி தரும் எண்களின் வரிசையில் 1445580-ஆவது இடத்தில் நின்றது! வேறு பல விதிகளாலும் சலித்தே அவர் அதனை அடைந்தார்.

1903-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள், நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் கூட்டத்தில் அவர் தம் முடிவை அளித்தார். அவர் ஒரு சொல்லும் பேசாமல் கரும்பலகையில் நம் எண்ணைக் கணக்கிட்டு, பின்பு 193707721-ஐ 761838257287-ஆல் பெருக்கிக் காட்டினார் என்றும், இரு விடைகளும் ஒத்திருக்கவே அவை கரவொலி எழுப்பிற்று என்றும் கணித நூலாசிரியர் பெல் எழுதியிருக்கிறார். இதற்கு எவ்வளவு காலம் பிடித்தது என்று பெல் பின்னர் கேட்டபோது, மூன்றாண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம் கோல்.

இன்றைய கணிப்பொறி இதனைக் கண்ணிமைக்கும் நேரத்தில் பிரித்துவிடும். எனினும் பெருக்குவது எளிது, பிரிப்பது அரிது என்னும் வேறுபாடு நீங்கவில்லை. 1977-ஆம் ஆண்டில் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் ஆகிய மூவர் வகுத்த மறைமொழி முறை, பன்னூறு இலக்க எண்களைக் கொண்டு அவ்வேறுபாட்டையே காவலாக்கிற்று.

மாணவ நண்பர்களே, மெர்சென் சொன்னதை அவர் காலத்தார் நம்பத்தான் வேண்டியிருந்தது. கோல் சொன்னதை நீங்கள் நம்ப வேண்டுவதில்லை. காகிதமும் பென்சிலும் எடுத்து, அவ்விரு எண்களையும் நீங்களே பெருக்கிப் பாருங்கள்.