ஓடிபி மறந்துபோவது ஏன்? வயதான குரங்குகளின் மூளை சொல்லும் பதில்

போனில் ஓடிபி பார்க்கிறீர்கள், லேப்டாப்பில் டைப் பண்ணுகிறீர்கள். இடையில் அந்தச் சில நொடிகள் எண்ணைப் பிடித்து வைத்திருப்பது யார்? நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளைப் பகுதியின் நியூரான்கள். எண் கண்ணிலிருந்து மறைந்த பிறகும் அவை ஒன்றையொன்று உசுப்பிக்கொண்டே இருக்கும். உசுப்பல் நின்றால் எண் போச்சு.

அப்பா அதே எண்ணை மூன்று தடவை கேட்டால், 'மூளை செல்லெல்லாம் செத்துட்டு வருது' என்று நினைக்கிறோம். அல்சைமர் வேறு கதை. சாதாரண முதுமையில் அப்படி இல்லை. நம் மூளையை ஒத்த மூளை கொண்ட ரீசஸ் குரங்குகளில், வயதானாலும் இந்தப் பகுதியின் நியூரான்கள் பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கின்றன. மாறுவது அவற்றின் இணைப்புகளும், அங்கே உட்கார்ந்திருக்கும் ரிசெப்டர்களும்.

ரிசெப்டர் என்பது பூட்டு மாதிரி. நியூரான்கள் அனுப்பும் ரசாயனம் அதன் சாவி. இங்கே முக்கியமான பூட்டு ஆல்ஃபா-2ஏ. நார்அட்ரினலின் வந்து இதில் பொருந்தினால், நியூரானுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற ரசாயனம் கட்டுக்குள் இருக்கும். இணைப்புக்குப் பக்கத்திலுள்ள பொட்டாசியம் வாசல்கள் மூடியிருக்கும். வயதாகும்போது இந்தக் கட்டுப்பாடு தளர்கிறது. வாசல்கள் திறந்துகொள்ள, சிக்னல் கசிந்துவிடுகிறது. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதுபோலத்தான்.

2011-இல் யேல் பல்கலைக்கழகத்தின் ஏமி ஆர்ன்ஸ்டன் குழு 'நேச்சர்' இதழில் இதைக் காட்டியது. திரையில் ஒரு புள்ளி தோன்றி மறையும். அது இருந்த இடத்தைக் குரங்கு சில நொடிகள் நினைவில் வைத்திருக்க வேண்டும். புள்ளி தெரியும்போது மட்டும் துடிக்கும் நியூரான்கள் வயதான குரங்குகளிலும் நன்றாகவே வேலை செய்தன. மறைந்த பிறகும் துடிக்க வேண்டியவைதான் சோர்ந்திருந்தன. அந்த நியூரான்களின் பக்கத்திலேயே, ஆல்ஃபா-2ஏ ரிசெப்டரைத் தூண்டும் குவான்ஃபசின் மருந்தைத் துளியளவு செலுத்தினார்கள். துடிப்பு மீண்டும் ஏறியது!

குவான்ஃபசின் புது மருந்தல்ல, பிபிக்கு எப்போதோ வந்தது. உடனே அப்பாவுக்கு ஆன்லைனில் தேட வேண்டாம். 75 வயதைத் தாண்டியவர்களுக்கு 12 வாரம் மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்த சோதனையின் முடிவு 2018-இல் வெளியானது. நினைவாற்றலிலோ சிந்தனையிலோ முன்னேற்றம் இல்லை. ஒரு நியூரானுக்குப் பக்கத்தில் துளி விடுவதும் மாத்திரை விழுங்குவதும் ஒன்றல்ல. மாத்திரை உடம்பு முழுக்கப் போகும், பிபியைக் குறைக்கும், தூக்கம் வர வைக்கும்.