மெய்ப்புத் தாள் தந்த ஆசான்

திருத்தணி மலைக்கு 365 படிகள். தேர்வில் தேறியவன் அப்படிகளில் ஏறினால் "முருகன் அருள்" என்பர். தவறியவனைத் "தலையெழுத்து" என்பர். பெரிய விஞ்ஞானியைப் பற்றிக் கேட்டாலோ, "பிறவி மேதை" என்று ஒரே சொல்லில் கதையை முடித்துவிடுவர். பிறவிதானா? வரலாற்றைப் புரட்டுவோம், வாருங்கள் தோழர்களே!

ஆண்டு 1928. செர்மானியப் பேராசிரியர் சோமர்ஃபெல்டு சென்னை மாநிலக் கல்லூரியில் உரையாற்றினார். அணுவைப் பற்றி அவர் எழுதிய நூலைக் கரைத்துக் குடித்திருந்த மாணவன் ஒருவன், மறுநாள் அவர் தங்கிய விடுதிக்கே சென்றான். பட்டம் பெறாதவன், பதினெட்டை ஒட்டிய வயதினன், பெயர் சந்திரசேகர்.

அந்நூல் பழையதாகிவிட்டது, குவாண்டம் இயக்கவியல் வந்து இயற்பியலையே மாற்றிவிட்டது என்றார் பேராசிரியர். அரும்பாடுபட்டுக் கற்றது அத்தனையும் பழங்கதை! ஆனால் அவர் அத்தோடு விட்டாரில்லை. உலோகங்களில் எலக்ட்ரான்கள் இயங்கும் முறைபற்றித் தாம் எழுதி, அதுவரை வெளிவராதிருந்த கட்டுரையின் மெய்ப்புத் தாள்களை அவன் கையில் தந்தார். தந்தவை சில தாள்களே! எனினும் அவற்றில் ஃபெர்மி-டிராக் புள்ளியியல் என்னும் புத்தம்புதுக் கருவி இருந்தது.

அக்கருவியைக் கொண்டு மாணவன் தானே ஒரு கட்டுரை தீட்டினான். கேம்பிரிட்சில் இருந்த ஃபௌலருக்கு அனுப்பினான். கடல்கடந்த சிறுவன் என்று அவர் ஒதுக்கவில்லை. 1929இல் இலண்டன் இராயல் சொசைட்டி ஏட்டில் அது வெளிவந்தது. 1930இல் அதே ஃபௌலரிடம் ஆய்வு பயிலக் கப்பலேறினார் சந்திரசேகர். கப்பலிலேயே, அதே புள்ளியியலை வைத்து, வெண் குறுமீன் எனும் முதிய விண்மீனின் நிறைக்கு எல்லை உண்டெனக் கணக்கிட்டார். அவ்வெல்லை கதிரவன் நிறையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு. 1935இல் எடிங்டன் அவையிலே எள்ளி நகையாடினார். 1983இல் நோபல் பரிசு வந்தது.

மேதைமை இல்லை என்று வாதாடவில்லை நான். மேதைக்கும் விடுதிக் கதவு திறக்க வேண்டியிருந்தது அன்றோ? அதைத் தட்டும் துணிவு எங்கிருந்து வந்தது? தந்தை இரயில்வே கணக்குத் துறை அதிகாரி, தாய் இப்சன் நாடகத்தைத் தமிழாக்கியவர், சிற்றப்பனோ சி. வி. இராமன்! அவ்வாண்டுக் கோடையைக் கல்கத்தாவில் இராமனின் ஆய்வுக்கூடத்தில் கழித்து வந்த பிள்ளை அவர். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதிக்கும் நெசவாளி மகளுக்கு எந்தச் சிற்றப்பன் இருக்கிறார்?

வழி இல்லாமலில்லை. 1934இல் அதே இராமன் தோற்றுவித்த இந்திய அறிவியல் கழகம், வேறிரு கழகங்களோடு சேர்ந்து, கல்லூரி மாணவர்களைக் கோடையில் இரு திங்கள் விஞ்ஞானிகளிடம் ஆய்வுக்கு அனுப்பி வந்துள்ளது, உதவித்தொகையும் தந்துள்ளது. விண்ணப்பத்தோடு ஆசிரியர் ஒருவரின் பரிந்துரை மடல் வேண்டும். திருத்தணியிலும் பள்ளிப்பட்டிலும் உள்ள நம் பிள்ளைகளிடம் இச்செய்தியை யார் சொன்னார்?